போடியாரின் மெசினும் துருவத்துப் புயலும்

சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் என்னைத் தேடிச் சாய்ந்தமருதுக்கு வந்தார். நான் ஓய்வுபெற்ற திணைக்களத்தில் இப்போது வேலை பார்க்கிறவர். பௌதிகம் படித்தவர். செய்மதிகள் அளந்து அனுப்பும் தகவல்களோடு அவருக்கு வேலை. பூமியின் துருவங்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்று தேத்தண்ணி ஆறும்வரை எனக்கு விளங்கப்படுத்தினார். அங்கே காற்று மண்டலத்தின் உச்சியிலிருந்து மின்னேற்றம் கொண்ட அணுக்கள், அதாவது அயன்கள், மேல்நோக்கி ஒழுகிக்கொண்டே இருக்கின்றனவாம். ஐதரசன், ஒட்சிசன் எல்லாம் அப்படியே விண்வெளிக்குப் போகின்றனவாம். அவற்றைத் தூக்கிவிடுவதில் அங்குள்ள மின்புலத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்றார். சூரியனிலிருந்து புயல் வந்து மோதும்போது துருவத்து மின்புலம் பல மடங்காகிறது, அதில் ஒரு பங்கு அந்தக் கணத்திலேயே நடுக்கோட்டுக்கும் வந்து சேருகிறது என்றும் சொன்னார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபிறகுதான் வந்த விஷயத்தைக் கேட்டார்.

"ஐயா, நீங்க இருந்த நிலையத்துல ஒரு டிரக்டரை மறிச்சு வைச்சதா பழைய ஆக்கள் கதைக்கிறாங்க. உண்மையா?"

"உண்மைதான். மறிபட்ட மெசின் என் மனைவியின் மாமாவுடையது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். நடந்ததை எழுதித் தரும்படி கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் உலகத்து நாடுகள் பல ஒன்றுசேர்ந்து பூமியை ஒரே காலத்தில் அளப்பதென்று முடிவு செய்தன. துருவத்துப் பனியில் கூடாரம் அடித்து அளந்தார்கள், நடுக்கடலில் கப்பலில் இருந்து அளந்தார்கள். எங்கள் பகுதிக்கும் ஒரு சிறு நிலையம் கிடைத்தது. காரணம், பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்குக் கிட்டப் போகிறது. பகல் வேளைகளில் எங்கள் தலைக்கு மேலே, மேகங்களுக்கும் வெகு உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அது கூடிக் குறைவதைத் தரையில் இருந்தே பார்க்கலாம். ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டு அதன் அசைவைப் பதிவு செய்தால் போதும்.

நான் சிரேஷ்ட பாடசாலைப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருந்தேன். வாப்பா கடல் தொழில் செய்தவர். எனக்குக் கடலில் தலைசுற்றும், அதனால் கந்தோர் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் விளம்பரம் கண்டு விண்ணப்பித்தேன், எடுத்தார்கள். கொழும்பில் சில மாதம் பயிற்சி. அங்கே படித்ததில் பாதியைப் பிறகு மறக்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நிலையம் சாய்ந்தமருதுக்கு மேற்கே, தென்னந்தோட்டம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. பஸ் ஓடும் பெரிய றோட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பதற்காக அந்த இடம். இரும்பு கிட்ட வந்தால் காந்தம் அசைந்துவிடும். ஆகையால் கட்டடத்தில் ஓர் இரும்பாணிகூட இல்லை. தோணி கட்டும் ஓடாவிமார்தான் செப்பாணி அடித்து அதைக் கட்டினார்கள். கூரை தென்னோலைக் கிடுகு. கதவுக் கீல் பித்தளை. உள்ளே மூன்று சிறு காந்தங்கள் பளிங்கு நூலில் தொங்கின. ஒவ்வொன்றிலும் நகத்தளவு கண்ணாடி ஒட்டியிருக்கும். விளக்கொளி அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, மெல்லச் சுழலும் உருளையில் சுற்றிய படக் கடதாசியில் விழும். காந்தம் அசைந்தால் ஒளிப்புள்ளியும் அசையும். மறுநாள் காலையில் கடதாசியைக் கழற்றி இருட்டறையில் கழுவினால், முந்திய நாள் முழுவதும் ஒரு கோடாகத் தெரியும். ஆகவே எது நடந்தாலும் நாங்கள் அதை ஒருநாள் பிந்தித்தான் கண்டோம். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலையப் பொறுப்பாளர் பல்தசார் சேர் மட்டக்களப்புப் பறங்கியர். அவருடைய தகப்பனார் இரும்புப் பட்டறைக்காரர். மகனோ இரும்பைக் கண்டால் ஒதுங்குகிற உத்தியோகத்தில் இருந்தார். கால்சட்டைக்கு பெல்ட் கட்டமாட்டார், வாரில் இரும்பு வளையம் இருக்கிறதென்று சீலைப் பட்டியால் கட்டிக்கொள்வார். சப்பாத்தின் அடியில் ஆணி இருக்கும், அதனால் வேலிக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நடந்து வருவார். எங்களையும் அப்படியே பழக்கினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் கூடக்கூட அவருடைய குரல் இறங்கும். காவலாளி கந்தப்பனைக்கூட 'நீங்க' என்றுதான் அழைப்பார். கோட்டில் ஏதாவது ஐமிச்சம் இருந்தால் கடதாசியை மேசையில் விரித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அந்த நேரத்தில் நாங்கள் வாய் திறக்கக்கூடாது.

தொடங்கிய சில கிழமைகளிலேயே கோட்டில் ஒரு சிறு பல் விழத் தொடங்கியது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கொழும்புக்கு எழுதினோம். அது வானத்து விஷயமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. பல்தசார் சேர் அதை ஏற்கவில்லை. வானத்துக்கு இப்படி நேரம் பார்த்து வரத் தெரியாது என்றார். வேலியோரமாக நாலு பக்கமும் எங்களை நிறுத்தி வைத்தார். கடைசியில் பிடிபட்டது ஒரு மாட்டு வண்டி. தேங்காய் ஏற்றப் போய்வரும் வண்டி, சக்கரத்துக்கு இரும்புப் பட்டம் கட்டியிருந்தது. வண்டிக்காரரிடம் சேர் தானே போய்ப் பேசி, பாதையை மாற்றிக்கொள்ளச் செய்தார். பல் நின்றது. கொழும்பில் இருந்து பாராட்டி எழுதினார்கள்.

அந்தப் பாராட்டுத்தான் பிறகு எங்களுக்குக் கெடுதலாய் முடிந்தது என்று நினைக்கிறேன். அதன்பிறகு கோட்டில் எது கோணினாலும் சேரின் கண் முதலில் வேலிக்கு வெளியேதான் போகும்.

எங்களுக்கு மேற்கே இருந்த வயல்கள் மீராசாகிபு போடியாருடையவை. நிறைய வயல் உள்ளவரை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். அவர் என் மனைவி சபியாவின் தாயோடு கூடப்பிறந்தவர். சபியாவின் வாப்பா மவுத்தானபின் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவரும் அவரே. அம்பாறைப் பக்கம் காடு வெட்டிக் குடியேற்றம் நடந்தபோது உழவு மெசின்கள் வந்திறங்கின. போடியாரும் ஒன்றை வாங்கினார். எங்கள் வட்டையில், அதாவது அந்த வயல்வெளி முழுவதிலும், அதுதான் முதல் மெசின். நிலையத்தைச் சுற்றி நாங்கள் சிவப்பு மை பூசிய கட்டைகளை நட்டிருந்தோம். கட்டைக்கு உள்ளே மெசின் வரக்கூடாது, அந்தத் துண்டை எருமை கொண்டு மிதித்துச் சேறாக்கிக்கொள்வது என்று போடியார் சம்மதித்திருந்தார்.

மாரி வெள்ளாமைக்கு உழவு தொடங்கிய நாட்களில் ஒருநாள் காலையில் வழக்கம்போல் கடதாசியைக் கழுவினேன். சிவப்பு விளக்கின் கீழ் மருந்துத் தட்டில் கோடு மெல்ல மெல்ல வெளிவந்தது. நான் அப்படி ஒன்றை அதற்குமுன் கண்டதில்லை. முதல்நாள் முற்பகல்வரை அமைதியாக வந்த கோடு, திடீரென்று செங்குத்தாய் எழும்பி, பிறகு பின்னேரம்வரை மேலும் கீழுமாய்ப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியிருந்தது. சில இடங்களில் கடதாசிக்கு வெளியேயே போய்விட்டது.

சேர் பார்த்தார். மேசையைச் சுற்றி நடந்தார்.

"புயலாயிருக்குமோ சேர்?" என்று கேட்டுவிட்டேன். காந்தப் புயல் என்று ஒன்று உண்டென்று கொழும்பில் படிப்பித்திருந்தார்கள்.

"புயல் கோடு எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும் லெவ்வை. ரெண்டு மூண்டு கண்டிருக்கன். இந்த அளவுக்கு இந்த இடத்தில வராது. புயல்ட உக்கிரம் துருவத்துக்குக் கிட்டத்தான். நடுக்கோட்டுக்கு வரக்குள்ள மெதுவாத்தான் இறங்கும். இது பட்டப்பகல்ல, ஒரேயடியா." குரல் இறங்கிவிட்டிருந்தது. "நேத்து முற்பகல் மேற்கால என்ன நடந்த?"

கந்தப்பன் வீரமுனைக்காரர், நேர்மையானவர். கேட்டதற்குப் பதில் சொன்னார். "மெசின் உழுத சத்தம் கேட்டது ஐயா. கட்டைக்குக் கிட்டத்தான் கேட்டது. உள்ளுக்கு வந்ததா எண்டு நான் பாக்கல்ல. கிழக்கு வேலியக் கட்டிக்கொண்டு நிண்டன்."

"லெவ்வை, நீங்க?"

"நான் இருட்டறைக்குள்ள நிண்டன் சேர். காணல்ல."

"மெசின்காரர் உங்களுக்குச் சொந்தமோ?"

"ஓம் சேர். மனைவிட மாமா."

"அப்ப இந்த விஷயத்தில நீங்க ஒண்டும் எழுத வேணாம். நானே எழுதிறன்."

அவர் அதை என்னைக் குத்திச் சொல்லவில்லை. என்னைச் சங்கடத்தில் விடக்கூடாதென்று சொன்னார். ஆனாலும் எனக்குச் சுட்டது. அவர் அந்தக் கடதாசியின் ஓரத்தில் 'உள்ளூர்க் குழப்பம், உழவு இயந்திரம்' என்று குறித்து, அறிக்கையைக் கொழும்புக்கு அனுப்பினார்.

கொழும்பு வேகமாக வேலை செய்தது. உலக நாடுகள் பார்த்துக்கொண்டிருக்கிற அளவை அல்லவா. மேலிடத்திலிருந்து எங்கள் பகுதி நிர்வாகத்தைப் பார்த்த காரியாதிகாரிக்கு உத்தரவு வந்தது. காரியாதிகாரி தன் பங்குக்கு, விசாரணை முடியும்வரை அந்த வட்டையில் மெசின் இறங்கவே கூடாதென்று கட்டளை போட்டார். கட்டைக்கு உள்ளே மட்டுமல்ல, முழு வட்டையிலும். பொலிஸ்காரர் ஒருவர் வந்து போடியாரின் வீட்டு வளவில் மெசினைப் பூட்டி நிறுத்திவிட்டுத் திறப்பைக் கொண்டுபோனார்.

எங்கள் பக்கத்து வயலை அறிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். மேட்டுக் கண்டங்களை, அதாவது மேட்டில் உள்ள வயல் துண்டுகளை, எப்போதும் உழலாம். பள்ளக் கண்டங்களைப் பெருமழைக்கு முன்னே உழுது விதைத்து, பயிர் தலை தூக்கிவிட வேண்டும். பிந்தினால் வெள்ளம் நின்றுவிடும், அந்தப் போகம் அவ்வளவுதான். மெசினை நம்பிப் போடியார் அந்த வருஷம் உழவு மாடுகளில் பெரும்பாலானவற்றை விற்றிருந்தார். பள்ளக்கண்டத்தைச் செய்கிறவர்கள் மாவடிப்பள்ளியைச் சேர்ந்த குத்தகைக் குடும்பங்கள். அவர்களுக்கு வேறு வயல் கிடையாது.

போடியார் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். மெசின் வளவில் நின்றது, அதன்மேல் ஓலை போட்டு மூடியிருந்தார்கள்.

"இரிங்க மருமகன். தேத்தண்ணியக் குடிங்க, பொறகு கதைப்பம்."

குடித்தேன்.

"ஒங்கட தொரைக்கு என்னில என்ன கோவம்?"

"கோவமில்ல மாமா. கருவி கோணலாக் காட்டியிருக்கு. மெசின்ட இரும்புதான் காரணம் எண்டு நெனைக்கார்."

"மெசின் கட்டைக்கு உள்ளுக்குப் போகல்ல. ஓட்டுற சிங்களப் பொடியன் எங்கட பள்ளியில வந்தே சத்தியம் பண்ணவும் தயார். நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியா மாமா. நான் காணல்ல."

"மெசின் போன எண்டு சொன்னவருக்கு அந்த 'தெரியா' இல்ல. ஒங்களுக்கு மட்டும் இரிக்கி." கொஞ்ச நேரம் மெசினையே பார்த்துக்கொண்டிருந்தார். "போகல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?"

"அதையும் நான் காணல்லயே மாமா."

அவர் எழுந்தார். வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார். வழமையாக என் கையைப் பிடித்து ஸலாம் சொல்கிறவர், அன்று வாயால் மட்டும் சொன்னார்.

வீட்டில் சபியா சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முழுவதையும் சொன்னேன். மாமாவுக்காக ஒரு பொய் சொல்லக் கேட்பாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க பொய் சொல்ல வேணாம்," என்றாள். "ஆனா தெரியா எண்டு சொல்லிட்டு ஊட்ட குந்தியிரிக்கிறதும் சரியில்ல. மெசின் போனா அந்தக் காந்தம் எப்பிடி ஆடும் எண்டு பாக்க வழியில்லையா? அந்த வண்டிலுக்குப் பாத்த மாதிரி?"

வண்டிக்கு நாங்கள் பார்த்தது வேறு விதம். ஆனால் அவள் கேட்டதில் ஒரு நேர்வழி இருந்தது. இரவெல்லாம் அதை யோசித்துவிட்டுக் காலையில் சேரிடம் போனேன்.

"சேர், மெசினை வேணுமெண்டே கட்டைக்கு உள்ளுக்கு ஓட்டிப் பாப்பம். கருவி என்ன எழுதுது எண்டு பாப்பம். அண்டைக்கு எழுதினது மாதிரியே எழுதினா மாமா பிழை. இல்லாட்டி..."

அவர் எழுந்து மேசையைச் சுற்றத் தொடங்கினார். வழக்கத்தைவிட நெடுநேரம் நடந்தார். அறிக்கை அவருடைய கையெழுத்தோடு போயிருந்தது. மேலிடம் அதை வைத்து உத்தரவு போட்டாயிற்று. அதைச் சோதிக்கிறேன் என்பது தன்னைத்தானே விசாரணைக்குக் கூப்பிடுவது போலத்தான்.

"இதை நான் அறிக்கை எழுத முந்திச் செய்திருக்க வேணும்," என்றார் கடைசியில். "வாங்க, போடியாரிட்டப் போவம்."

இருவருமாகப் போனோம். போடியார் கதிரை போட்டு உட்காரவைத்தார். சேர் சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"போடியார், உங்கட மெசினை ஒரு பகலைக்கு எங்களுக்குத் தாங்க. காரியாதிகாரிட்ட நான் அனுமதி எடுக்கிறன்."

"கட்டைக்கு வெளியால வைச்சே ஓட்டக்கூடா எண்டு திறப்பக் கொண்டுபோன நீங்க. இப்ப உள்ளுக்கு ஓட்டக் கேக்கிறீங்க?"

"ஓம். நான் சொன்னது சரியோ பிழையோ எண்டு பாக்கவேணும்."

"பிழையெண்டா?"

"பிழையெண்டு எழுதுவன்."

போடியார் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பித் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அவர் தந்த சம்மதம் அதுதான்.

காரியாதிகாரி அனுமதி தரச் சில நாள் இழுத்தார். அந்த நாட்களில் கிழக்கே கடலுக்கு மேல் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

சோதனை முற்பகலில் நடந்தது. குழப்பம் வந்த அதே நேரத்தில் பார்க்கவேண்டும் என்பது சேரின் விருப்பம். அவர் உள்ளே நின்று ஒளிப்புள்ளியைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேலியருகே வெள்ளைக் கொடியோடு நிற்பேன். கந்தப்பன் நடுவில் நின்று அவர் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் கூப்பிட்டுச் சொல்வார். மெசினோட்டி பியதாச அம்பாறையில் இருந்து வந்தவர். தமிழ் கொஞ்சம் தெரியும், நிலைமை நன்றாகவே தெரியும்.

முதலில், குழப்பம் வந்த அன்று உழுததாக அவர் சொன்ன இடத்தில், கட்டைக்கு வெளியே, ஓட்டினார். உள்ளேயிருந்து "ஒண்டுமில்லை" என்று வந்தது. கட்டையோடு ஒட்டி ஓட்டினார். "மயிரளவு" என்று வந்தது. கட்டையைத் தாண்டச் சொன்னேன். பியதாச மெசினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், போடியாரைப் பார்த்தார். வரம்பில் நின்ற போடியார் கையை அசைத்தார். மெசின் உள்ளே வந்தது. வேலிக்கு மிகக் கிட்ட, எனக்கு அதன் புகை மணக்கும் தூரத்துக்கு வந்து நின்று, திரும்பிப் போனது. சேர் உள்ளேயிருந்து இன்னொருமுறை ஓட்டச் சொல்லிக் கேட்டார். ஓட்டினோம். மூன்றாவது முறையும் கேட்டார்.

கடதாசியை அன்றே கழற்றிக் கழுவினோம். மருந்துத் தட்டில் அது வெளிவரும்போது சேரும் நானும் தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றோம். மெசின் கிட்ட வந்த மூன்று இடங்களிலும் சிறிய வழுவழுப்பான மேடு ஒன்று. ஏறி, இறங்கி, பழைய இடத்துக்கே வந்திருந்தது. முந்திய கடதாசியைப் பக்கத்தில் வைத்தோம். அது மலைத்தொடர், இது எறும்புப் புற்று. மெசினை வேலிக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் அந்த ஆட்டம் வராது.

சேர் இரண்டையும் கையிலெடுத்து மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் அவருடைய முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"நான் பிழை விட்டிட்டன் லெவ்வை," என்றார்.

"அப்ப அது என்ன சேர்?"

"தெரியா. மெசின் இல்ல. அவ்வளவுதான் தெரியும்."

அப்போதே கல்முனைத் தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி கொடுத்தார். அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும் தடையை உடனே நீக்கும்படியும். கொழும்பிலிருந்து வந்த பதில் எனக்கு இன்றும் எரிச்சலைத் தருவது. அவசரப்பட வேண்டாம், பிற நாட்டு நிலையங்களின் கடதாசிகள் வரும்வரை பொறுத்து, பிறகு தீர்மானிக்கலாம் என்றிருந்தது. அவை வர மாதங்கள் ஆகும். மழைக்கு அது தெரியாது.

சேர் அந்தப் பதிலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரியாதிகாரியிடம் நேரே போனார். நானும் கூடப் போனேன். காரியாதிகாரி மேலிடத்து உத்தரவைக் காட்டினார்.

"அந்த உத்தரவுக்குக் காரணம் என்ட அறிக்கை," என்றார் சேர். "அந்த அறிக்கை பிழை எண்டு அதை எழுதினவனே இஞ்ச வந்து சொல்றன். இதுக்குமேல உங்களுக்கு என்ன வேணும்?"

"எழுத்தில தருவீங்களோ? பொறகு மேலிடம் என்னைக் கேக்கும்."

"என்னைக் கேக்கட்டும் எண்டு எழுதித் தாறன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மேலிடத்தை மீறியதற்காக அவரிடம் விளக்கம் கேட்டதும், அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனதும் பிறகு நடந்தவை. அதைப்பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் கதைத்ததில்லை.

திறப்பு போடியார் கைக்கு வந்த அன்று பின்னேரமே பியதாச மெசினை இறக்கினார். மேட்டுக் கண்டங்கள் உழுது முடிந்தன. பள்ளத்தில் கால்வாசி உழுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இறக்காமத்திலிருந்து எருமை கொண்டுவந்து மிதித்துப் பார்த்தார்கள். விதைத்த நெல்லும் அழுகியது. பள்ளக்கண்டம் அந்தப் போகம் முழுவதும் குளமாகக் கிடந்தது. குத்தகைக் குடும்பங்களில் சிலர் கூலிக்குக் கல்லோயாப் பக்கம் போனார்கள். மற்றவர்களுக்கு அடுத்த அறுவடைவரை போடியார் வீட்டு நெல்தான்.

பெருநாளுக்கு நாங்கள் போனபோது போடியார் என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். ஆனால் நிலையத்தைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. சபியாவும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

மழை ஓய்ந்து சில மாதங்களுக்குப் பிறகு பிற நாட்டுக் கடதாசிகளின் படிகள் வந்தன. வட துருவத்துக்குக் கிட்டவுள்ள ஒரு நிலையத்தின் படியை சேர் முதலில் எடுத்தார். மேசையில் எங்கள் கடதாசியை விரித்து, அதன்மேல் அதை நேரத்துக்கு நேரம் பொருத்தி வைத்தார். அங்கே கோடு வெட்டியெழுந்த இடமும் எங்கள் கோடு வெட்டியெழுந்த இடமும் ஒன்று. அங்கே எழும்பி விழுந்த பல இடங்களில் இங்கேயும் எழும்பி விழுந்திருந்தது. வழியில் உள்ள நாடுகளின் படிகளையும் பார்த்தோம். துருவத்திலிருந்து தெற்கே வர வர ஆட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்களிடம் வந்ததும் மறுபடி பெருத்திருந்தது. சேர் இந்தமுறை மேசையைச் சுற்றி நடக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

துருவத்தின் மேல் எழுந்த மின்புலம் கணத்தில் இங்கு எட்டி, எங்கள் தலைக்குமேல் பகலில் ஓடும் அந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறது என்று இன்று சொல்கிறார்கள். சென்ற மாதம் வந்தவர் அதைத்தான் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். அன்று அதைச் சொல்ல உலகத்தில் ஆளில்லை.

சேர் போடியாரை நிலையத்துக்கு அழைத்துவரச் சொன்னார். போடியார் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாய், கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்தார். சேர் மேசையில் இரண்டு கடதாசிகளையும் விரித்துக் காட்டினார். எது துருவத்தில் எழுதியது, எது இங்கே எழுதியது, இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் எழும்புகின்றன என்று விரலை வைத்து விளங்கப்படுத்தினார். போடியார் குனிந்து பொறுமையாகப் பார்த்தார்.

"அப்ப இது ஆர்ட மெசின்?" என்று கேட்டார்.

கந்தப்பன் வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் போனார்.

"சூரியன்ல இருந்து வந்தது எண்டு தெரியும் போடியார்," என்றார் சேர். "துருவத்தில போய் மோதினது எண்டும் தெரியும். ஆனா அங்க மோதினது அதே நேரத்தில இஞ்ச எப்பிடி வந்தது, இடையில சிறுத்தது இஞ்ச ஏன் பெருத்தது, அது எனக்குத் தெரியா. என்ட மேலதிகாரிமாருக்கும் தெரியா."

போடியார் நிமிர்ந்தார். அவருடைய குரலில் சூடு இல்லை. ஸலாம் சொல்லி, இருந்து கதைத்து, எழும்பிப் போகிற ஆளின் குரலாகவே இருந்தது.

"தெரியா எண்டு சொல்ல ஒங்களுக்கு ஏலுது தொர. அண்டைக்கே அதைச் சொல்லியிருந்தா என்ட பள்ளக்கண்டம் தப்பியிரிக்கும்."

"ஓம் போடியார்," என்றார் பல்தசார் சேர்.

போடியார் போனபின் சேர் வேலிவரை நடந்துபோய் மேற்கே பார்த்தபடி நின்றார். பள்ளக்கண்டத்தில் தண்ணீர் அப்போதுதான் வற்றிக்கொண்டிருந்தது. அதில் மாவடிப்பள்ளிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் விரால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.